சித்திரை மழையும் சோளகக் காற்றும்

சிறுபோகக் கமக்காரர் காலநிலையை நோக்கித் திட்டமிடும் முறை

சிறுபோகத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் சித்திரை மாதத்திலேயே முடிவாகிவிடுகின்றன. அம்மாதத்திற் பெய்யும் இடிமழையைக் கண்டு, இனிமேலும் மழை வருமென நம்பி, குளத்து நீரின் அளவுக்கு மேலாக வயலை விதைத்துவிட்டு, ஆனி மாதத்திற் குடலைப் பருவப் பயிருக்கு நீரின்றித் தவிக்கும் நிலை உலர்வலயக் கமக்காரருக்குப் புதியதன்று. விதைநெல், உழவுக்கூலி, பசளை ஆகிய யாவும் அப்போது ஒருங்கே அழிய, கடன் மாத்திரம் எஞ்சுகின்றது. இந்நட்டத்தைத் தவிர்ப்பதற்கு, பங்குனி முதல் ஆவணி வரையில் வானமும் காற்றும் எவ்வாறு மாறுகின்றன என்பதையும், வானிலை அறிவித்தலை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதையும் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

சித்திரை மழையின் இயல்பு

மார்ச், ஏப்பிரில் ஆகிய இரு மாதங்களும் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலமாகும். வடகீழ்ப் பருவக்காற்றாகிய வாடை ஓய்ந்துவிட, தென்மேற்குப் பருவக்காற்றாகிய சோளகம் இன்னும் எழாதிருக்கும். ஏப்பிரில் 5 ஆந் திகதி முதல் 15 ஆந் திகதி வரையில் நண்பகற் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்பதால் நிலம் மிகவும் வெப்பமடைகின்றது. சூடேறிய வளி மேலெழ, கரையோரங்களிலிருந்து கடற்காற்று உள்நாட்டை நோக்கி வந்து அவ்விடத்தை நிரப்புகின்றது. ஈரமான இவ்வளி உயர்ந்து குளிர்ந்து கருமுகிலாகி, பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடி மின்னலுடன் மழையாகப் பொழிகின்றது.

இம்மழைக்கு இரு இயல்புகள் உள. முதலாவது, அது இடத்துக்கிடம் வேறுபடும். ஒரு வயல்வெளியில் வெள்ளம் ஓட, அடுத்த வயல்வெளி உலர்ந்து கிடத்தல் சாதாரணமாகும். இரண்டாவது, அது நீடித்து நிற்பதில்லை. தீவின் பெரும்பகுதி இவ்விரு மாதங்களிலும் 100 முதல் 250 மில்லிமீற்றர் வரையான மழையைப் பெற, ஒடுங்கித் தட்டையாகக் கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாடு 100 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே பெறுகின்றது. வறண்டு வெடித்த நிலம் முதன்மழையைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், பெரும்பாலான ஆண்டுகளிற் குளத்துக்கு வந்துசேரும் நீர் சொற்பமே. எனவே சித்திரை மழை உழவுக்கும் விதை முளைப்பதற்கும் உதவும்; போகம் முழுவதையும் காப்பாற்றாது.

சோளகம் தருவது காற்று, மழையன்று

மே மாதத்தின் பிற்பகுதியில், சில ஆண்டுகளிற் சற்று முந்தியோ பிந்தியோ, சோளகம் நிலைகொள்கின்றது. மத்தியகோட்டுக்குத் தெற்கேயுள்ள சமுத்திரப் பரப்பிலிருந்து புறப்பட்டு வரும் இக்காற்று மிகுந்த ஈரத்தைச் சுமந்து வருகின்றது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழும்போது அது குளிர்ந்து, தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகின்றது. வட்டவளை, கினிகத்தேனை போன்ற இடங்கள் மே முதல் செப்டெம்பர் வரையில் 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுவது இதனாலேயாகும்.

மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று மீண்டும் சூடேறி உலர்ந்துவிடுகின்றது. ஊவாவின் வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகள் ஆனி, ஆடி மாதங்களில் வறண்டிருப்பதும், மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிற் கச்சான் என வழங்கும் வெங்காற்று வீசுவதும் இக்காரணம் பற்றியே. மலையற்ற வடபகுதியில் ஈரக்காற்றை மேலெழச் செய்வதற்கு எதுவும் இல்லாமையால், முகில்கள் தலைக்கு மேலாக ஓடிச் செல்லுமேயன்றி மழையாக விழுவது அரிது.

காற்று மழையைத் தாராததோடு, உள்ள நீரையும் கொண்டுபோகின்றது. இக்காலத்திற் குளத்தின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகின்றது. மதகைத் திறவாதிருப்பினும் ஒரு மாதத்தில் அரை அடி நீர்மட்டம் இவ்வாறு இறங்கிவிடும். ஆழமற்ற சிறு குளங்களுக்கு இது பெரிய இழப்பாகும்.

மலைநாட்டு மழையால் எல்லாக் குளங்களும் பயனடைவதில்லை. மகாவலி நீர் பொல்கொல்லையில் திருப்பப்பட்டுக் கலாவாவி, மின்னேரியா, கந்தளாய் போன்ற குளங்களுக்குச் செல்வதால், அவற்றின் கீழ்ச் செய்வோருக்குச் சோளகக் காலத்திலும் நீர் வருவதற்கு இடமுண்டு. கனகராயன் ஆற்றை நம்பியிருக்கும் இரணைமடுவுக்கு அவ்வாறான வழி இல்லை. அத்தகைய குளங்களில் மாரி தேக்கிய நீரே சிறுபோகத்தின் முழு முதலாகும்.

இரண்டு ஆண்டுகள் தந்த பாடம்

2016 ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியில், பின்னர் றோனு எனப் பெயர்பெற்ற புயலாக வளர்ந்த தாழமுக்கம் இலங்கையை அண்டி நகர்ந்தது. தென்மேற்கில் வெள்ளமும் அரநாயக்கவில் பெரும் மண்சரிவும் ஏற்பட்டதுடன், வடபகுதியிலும் பெருமழை பெய்தது. அதனைக் கொண்டு, வைகாசியில் வடக்கே மழையை எதிர்பார்க்கலாம் என முடிவுசெய்தல் தவறாகும். அது தாழமுக்கம் கொணர்ந்த மழை, சோளகம் கொணர்ந்ததன்று. அவ்வாறான தாழமுக்கம் எந்த ஆண்டில் வருமென்று விதைக்கும்போது எவராலும் கூறவியலாது.

அடுத்து வந்த 2016/17 பெரும்போகத்தில் மழை பொய்த்தது. 2017 மே 25, 26 ஆந் திகதிகளிற் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களிற் பெருவெள்ளம் பெருகி உயிர்களையும் உடைமைகளையும் அழித்தது. அதே காலத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் வரட்சியால் வாடிக்கொண்டிருந்தன. "நாட்டிற் கனமழை" என்ற செய்தி தம் குளத்தைக் குறிப்பதன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வானிலை அறிவித்தலைப் பொருள்கொள்ளும் முறை

வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த அறிவித்தலிற் கமக்காரர் மூன்றைக் கவனித்தல் வேண்டும். எந்த மாகாணத்துக்கு அல்லது மாவட்டத்துக்கு மழை கூறப்பட்டுள்ளது, எந்நேரத்திற் கூறப்பட்டுள்ளது, காற்றின் வேகம் எவ்வளவு என்பனவே அவை. "சில இடங்களில்" என்று கூறப்படின், தம் வயலும் அவற்றுள் ஒன்றாகும் என எண்ணிச் செலவு செய்தல் கூடாது. பிற்பகலில் இடிமழை கூறப்பட்ட நாளிற் கிருமிநாசினி தெளிப்பதையும் மேற்கட்டுப் பசளை இடுவதையும் ஒத்திவைப்பின், மருந்தும் யூரியாவும் கழுவுண்டு போகா.

சில மாதங்களுக்கு முன்கூட்டியே வெளியிடப்படும் பருவகால எதிர்வுகூறல் வேறு வகையானது. அது நாளையும் நேரத்தையும் கூறுவதில்லை. மழை இயல்பை ஒட்டியதாகவோ, அதனிலும் கூடியதாகவோ, குறைந்ததாகவோ இருப்பதற்கான வாய்ப்பையே அது கூறுகின்றது. இங்கு இயல்பு என்பது பல ஆண்டுகளின் சராசரியாகும். வடபகுதியில் ஆனி, ஆடி மாதங்களின் இயல்பு மழை மிகச் சிறிது. ஆகவே அக்காலத்துக்கு "இயல்பிலும் கூடிய மழை" எனக் கூறப்பட்டாலும், சிறிய அளவு சற்றே பெரிதாகுமேயன்றி, நெற்பயிரைக் காக்கும் மழையாக அது ஆகிவிடாது.

பெய்த மழையைத் தம் வயலிலேயே அளப்பதும் எளிது. நேரான பக்கங்களையுடைய வெறும் தகரப் பேணி ஒன்றை மரநிழல் இல்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, மழை விட்டதும் உள்ளிருக்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளத்தல் வேண்டும். 25 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம் இருப்பின், ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் லீற்றர் நீர் விழுந்துள்ளது. இது பெருந்தொகையாகத் தோன்றினும், நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகும் காலத்தில், நிலத்துட் கசிவதைச் சேர்க்காமலே, ஐந்து நாட்களுக்கே போதுமானது.

நெல்வயல்: நீரை எண்ணி விதைத்தல்

விதைக்கும் பரப்பை முடிவுசெய்வது வானமன்று, குளத்தின் நீர்மட்டமே. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பாசன உத்தியோகத்தர் அறிவிக்கும் பரப்புக்கு மேலாக ஓர் ஏக்கரேனும் விதைக்கப்படின், அந்த ஓர் ஏக்கர் மட்டும் அழிவதில்லை. கடைமடை வயல்கள் யாவும் அதனோடு வாடும். நீர் குறைந்த ஆண்டுகளில், குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களை எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் பழைய வழக்கம் மிகவும் சிறந்தது. சிங்களக் கிராமங்களிற் பெத்ம என வழங்கும் இம்முறையால் வாய்க்காலில் வீணாகும் நீர் குறைவதுடன், எவரும் முற்றாக வெறுங்கையோடு நிற்பதில்லை.

நாட்கணக்கையும் பார்த்தல் வேண்டும். மூன்று மாத நெல்லை ஏப்பிரில் 20 ஆந் திகதியளவில் விதைப்பின், ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரத்திற் பூத்து, ஜூலை மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அறுவடைக்கு வரும். அதையே மே 15 ஆந் திகதி விதைப்பின், பூக்கும் பருவம் ஜூலை நடுப்பகுதிக்குத் தள்ளப்படும். அப்போது குளம் வற்றியிருக்கும். காற்றும் கடுமையாக இருக்கும். நெற்பூ மலரும் முற்பகல் வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டுமாயின் மணி பிடியாது பதர் மிகும். கச்சான் வீசும் கிழக்குப் பகுதியினர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

எனவே விதைப்புப் பிந்துமாயின் மூன்றரை மாத இனங்களைக் கைவிட்டு, பீ.ஜீ. 300 போன்ற மூன்று மாத இனத்தையோ, பீ.ஜீ. 250 போன்ற இரண்டரை மாத இனத்தையோ தெரிந்தெடுத்தல் நன்று. நீர் அதற்கும் போதாதெனின், வயலிற் பயறு, கௌபி, உழுந்து, எள்ளு ஆகியவற்றைச் சித்திரை மழையின் ஈரம் காயுமுன் விதைத்தல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதத்திற் காய் தரும் பயறு, நெல்லுக்கு வேண்டிய நீரில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே விளையும்.

மரக்கறித் தோட்டம்: காற்றையும் உவரையும் தடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் மாரி மழையால் மாத்திரமே ஊறுகின்றது. சுண்ணாம்புக் கல்லினுள் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைப்பின் அடிநீர் மேலேறிக் கிணறு உவராகும். ஆகவே ஒரே முறையில் நெடுநேரம் இறையாது, இடைவிட்டு இறைத்தல் வேண்டும். நண்பகலில் இறைத்தலைத் தவிர்த்து, அதிகாலையிலோ மாலையிலோ இறைப்பின் ஆவியாகும் நீர் குறையும். வைக்கோல், காய்ந்த இலைகுழை ஆகியவற்றைப் பயிரின் அடியிற் பரப்பிவிடின் மண்ணின் ஈரம் சில நாட்களுக்குக் கூடுதலாக நிற்கும்.

சோளகம் எழுமுன்னரே தோட்டத்தின் தென்மேற்குப் பக்கத்தில் ஓலை வேலியை உயர்த்திக் கட்டுதல் அவசியம். பந்தற் பயிர்களாகிய புடோல், பாகல் என்பனவற்றின் கால்களையும் அப்போதே உறுதிப்படுத்த வேண்டும். மிளகாயில் இலைச்சுருளலை உண்டாக்கும் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வறண்ட காலத்திற் பெருகுவதால், இளம் இலைகளின் அடிப்பக்கத்தை வாரந்தோறும் பார்த்தல் வேண்டும்.

மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ளோர் இதற்கு மாறான ஆயத்தங்களைச் செய்தல் வேண்டும். மே நடுப்பகுதிக்கு முன் வடிகான்களைத் துப்புரவாக்கி, பாத்திகளை உயர்த்தி, சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டுதல் வேண்டும். உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றுக்கு இம்மழையில் வெளிறல் நோய் விரைந்து பரவும்.

இடிமின்னலில் உயிர்க்காப்பு

சித்திரையின் பிற்பகல் மின்னல் வயலிலிருப்போருக்குப் பேராபத்தாகும். திறந்த வெளியில் நிமிர்ந்து நிற்கும் ஆளே அங்கு உயர்ந்த பொருளாகின்றார். முழக்கம் கேட்டவுடன் வேலையை நிறுத்திக் கல்வீட்டை அடைதல் வேண்டும். தனிமரத்தின் கீழும், பனை தென்னையின் அடியிலும் ஒதுங்குதல் ஆகாது. மண்வெட்டியைத் தோளில் வைத்து நடத்தல், உழவு இயந்திரத்தில் அமர்ந்திருத்தல், குளத்தினுள் நிற்றல் ஆகியன தவிர்க்கப்பட வேண்டும். கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்னரே மீண்டும் வயலில் இறங்கலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சித்திரை மழையை உழவுக்கும் விதைப்புக்கும் பயன்படுத்துக. அறுவடை வரை அதனை நம்பற்க.
2. தம் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகின்றதென அறிந்த பின்னரே மழைச் செய்தியைப் பொருள்கொள்க.
3. கூட்டத்தில் ஒப்புக்கொண்ட பரப்புக்கு மேல் விதையாதிருக்க.
4. விதைப்புப் பிந்துமாயின் வயது குறைந்த இனத்துக்கு, அதற்கும் நீரில்லையெனின் தானியப் பயறு வகைகளுக்கு மாறுக.
5. இடி முழங்கும் பிற்பகலில் வயலில் நில்லாதிருக்க.

ஐந்து ஏக்கரை விதைத்து ஒன்றையும் அறுக்காதிருப்பதிலும், இரண்டு ஏக்கரை விதைத்து இரண்டையும் முற்றாக அறுப்பதே கமக்காரரின் குடும்பத்துக்கு நன்மை பயக்கும். ஐயமுள்ளோர் விதைப்பதற்கு முன்னரே தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெற்றுக்கொள்ளலாம்.