நியூயார்க் மேடை, ஊரூராகத் திரை

நியூயார்க் லிங்கன் சென்டரில் உள்ள மெட்ரோபாலிட்டன் ஓபரா (சுருக்கமாக ‘மெட்’) அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். சனிக்கிழமை மதியம் 1 மணிவாக்கில் அங்கே திரை விலகும்போது லண்டனில் மாலை 6 மணி, பாரிஸில் 7 மணி. அந்த நகரங்களில் பக்கத்துத் தெரு சினிமா தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஓபராவை அதே நேரத்தில் பார்க்கிறார்கள். நம் கணக்கில் அது இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ தொடங்கும். நேரம் ஒத்துவராத நாடுகளில் பதிவு செய்து பிறகு திரையிடுகிறார்கள். ‘தி மெட்: லைவ் இன் எச்டி’ என்ற இந்தத் தொடர் எழுபது நாடுகள்வரை போயிருக்கிறது.

2006 ஆகஸ்டில் மெட்டின் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற பீட்டர் கெல்ப், அதற்குமுன் சோனி கிளாசிக்கல் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர். அரங்குக்கு வருபவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, புதியவர்கள் வரவில்லை என்பதுதான் அவர்முன் இருந்த பிரச்சினை. அந்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆங்கிலத்தில், சுருக்கிய வடிவத்தில் தியேட்டர்களுக்குப் போனது. முதல் பருவத்தில் ஆறு ஓபராக்கள். பிறகு பன்னிரண்டுவரை ஏறி, அண்மையில் எட்டு, ஒன்பது என்று நிற்கிறது. சனிக்கிழமை மதியத்தைத் தேர்ந்ததற்குப் பழைய காரணம் உண்டு. 1931 கிறிஸ்துமஸ் நாளிலிருந்து மெட்டின் மதியக் காட்சிகள் வானொலியில் நேரடியாக ஒலித்து வருகின்றன. அமெரிக்காவில் மூன்று தலைமுறை அந்த நேரத்தில் ஓபரா கேட்டுப் பழகியிருந்தது.

பணக் கணக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஒரு காட்சியைப் படம்பிடிக்கப் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், மேடைத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே பெருந்தொகை தர வேண்டும். வருமானத்தில் பங்கு என்று தொழிற்சங்கங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் இது நடக்கக்கூடிய காரியமானது.

படம்பிடிக்கும் விதம் கிரிக்கெட் ஒளிபரப்பிலிருந்து அடியோடு வேறு. கிரிக்கெட்டில் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஓபராவில் அடுத்த ஸ்வரம் எது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ஒளிபரப்பு இயக்குநர் ஒத்திகையையும் முந்தைய காட்சிகளையும் பார்த்து, இந்த இசைவரிக்கு இந்தக் கேமரா என்று குறித்து வைத்துக்கொள்கிறார். அன்றைக்கு அரங்குக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வேனில், ஒருவர் இசைப்பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபடி எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வருவார். பத்துக்கு மேற்பட்ட கேமராக்கள் அந்த எண்ணிக்கைக்கு மாறும். மேடை விளிம்பில் தண்டவாளத்தில் ஓடும் தானியங்கிக் கேமராவும் அவற்றில் ஒன்று.

அதனால் அரங்கின் கடைசி வரிசைக்காகப் பூசிய ஒப்பனை, கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. பொய்முடியின் வலை நெற்றியில் முடியும் கோடு தெரியும், உச்சஸ்தாயியில் நாக்கு அதிர்வது தெரியும். இடைவேளையிலும் கேமரா ஓய்வதில்லை. மேடைக்குப் பின்னால் ஆட்கள் அரண்மனையைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். இன்னும் மூச்சு வாங்கும் பாடகியிடம், ரெனே ஃபிளெமிங் போன்ற இன்னொரு பெரும் பாடகி மைக்கை நீட்டிக் கேள்வி கேட்பார். அரங்கில் நிறையச் செலவழித்து உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் கிடையாது.

ஆனால் அவருக்குக் கிடைக்கும் ஒன்று தியேட்டரில் கிடைக்காது. ஓபரா பாடகர் மைக் இல்லாமல் பாடுகிறார். எண்பது, தொண்ணூறு பேர் வாசிக்கும் இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி இருக்கைவரை குரலைக் கொண்டுபோவதற்குத்தான் ஆண்டுக்கணக்கான பயிற்சி. தியேட்டரிலோ மைக்குகள் பிடித்த ஒலியைப் பொறியாளர் சமன்செய்து அனுப்புகிறார். பெரிய குரலும் சிறிய குரலும் ஒரே அளவில் வந்து விழுகின்றன. நாதஸ்வரத்தைக் கோயில் பிராகாரத்தில் கேட்பதற்கும் ரேடியோவில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஒளிபரப்பின்மேல் வைக்கப்படும் குறைகளில் மிகக் கனமானது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் போய்ப் பார்ப்பானேன்? நேரலை என்பதற்காக. 2014 ஏப்ரல் 5-இல் ‘லா போயெம்’ ஒளிபரப்பாக வேண்டும். நாயகி மீமியாகப் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை. முந்தின இரவுதான் ‘மேடம் பட்டர்ஃபிளை’யில் நாயகி பாத்திரத்தை மெட்டில் முதன்முறையாகப் பாடி முடித்திருந்தார் லாட்வியப் பாடகி கிறிஸ்டீன் ஓபொலைஸ். விடியற்காலையில்தான் கண்ணயர்ந்திருந்தார். காலை ஏழரைக்குக் கெல்ப் தொலைபேசியில் கூப்பிட்டார். மதியம் 1 மணிக்கு அவர் மீமியாக, பல நாட்டுத் திரைகளில் பாடிக்கொண்டிருந்தார். பட்டர்ஃபிளையும் இறந்துபோகிறவள், மீமியும் இறந்துபோகிறவள். பதினெட்டு மணி நேரத்துக்குள் இரண்டு பெரும் பாத்திரங்கள்! 2011-இல் ‘லே கோந்த் ஓரி’ ஒளிபரப்பன்று டெனர் பாடகர் ஹுவான் டியேகோ ஃபுளோரெஸ், தன் குழந்தை பிறந்த அரைமணி நேரத்தில் மேடைக்கு வந்து நின்றார். அதே ஆண்டு மே மாதம் வாக்னரின் ‘டி வால்கூரே’யில் பயன்படுத்திய 45 டன் மேடை இயந்திரம் கோளாறு செய்ய, உலகம் முழுக்கத் தியேட்டர்களில் அரைமணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். திருத்தி வெட்டிய பதிவில் இந்தப் பதற்றம் எதுவும் மிஞ்சாது.

தமிழர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒளிபரப்பு ஒன்று உண்டு: 2011 நவம்பர் 19-இல் வந்த ஃபிலிப் கிளாஸின் ‘சத்தியாகிரகா’. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம்தான் கதை. பாடுவது முழுக்க சமஸ்கிருதத்தில், பகவத்கீதை வரிகளை வைத்து. காந்தியாகப் பாடியவர் ரிச்சர்ட் கிராஃப்ட். மூன்றாம் அங்கம் 1913-இன் நியூகாசில் நடைப்பயணம். அந்த நடையில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக நடந்தார்கள். அவர்கள் பெயர் ஓபராவில் வராது. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்த அங்கத்தின் கனமே வேறு.

இந்தத் தொடரால் உள்ளூர் ஓபராக் குழுக்களின் கூட்டம் குறையும் என்ற அச்சம் தொடக்கத்திலிருந்தே உண்டு. மெட்டின் சொந்த அரங்குக்கு வர வேண்டியவர்களே அருகிலுள்ள தியேட்டரோடு நின்றுவிடுகிறார்கள் என்ற கவலையும் பிறகு சேர்ந்துகொண்டது. தியேட்டரில் தெரியும் தலைகளும் பெரும்பாலும் நரைத்தவைதான். கெல்ப் எதிர்பார்த்த இளைஞர் கூட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. எதிர்பாராத பயனும் ஒன்று கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் அரங்கை மூடியபோது, இந்தப் பதிவுகளிலிருந்தே இரவுக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். அரங்கு மறுபடி திறக்க ஒன்றரை ஆண்டு ஆனது.

முதன்முறை பார்க்கிறவர்கள் ‘லா போயெம்’ அல்லது ‘கார்மென்’ போன்ற ஒன்றில் தொடங்கலாம். கதையை முன்னதாகப் படித்துவிட்டுப் போங்கள். வசன வரிகள் திரையின் அடியில் ஓடும் என்றாலும், அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் முகங்கள் தவறிப்போகும். வாக்னர் என்றால் இடைவேளைகள் சேர்த்து ஐந்து மணி நேரம்கூட ஆகலாம், சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.