ஆராய்ச்சி முடிவு... விவசாயியும் சேர்ந்து எழுதினால் வயலுக்கு வரும்!

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் கார் சாகுபடிக்கான நாற்றங்கால் வேலைகளும் ஆரம்பித்துவிடும். குளிர்ந்த காற்று, மூடிய வானம், இலையில் காயாத ஈரம்... அருவிக்கு வருபவர்களுக்குக் கொண்டாட்டம். நெல்லுக்கோ குலைநோய் தாக்கும் காலம். 'விதைநேர்த்தி செய்யுங்கள்' என்று பல்கலைக்கழகம் சொல்கிறது, துண்டுப் பிரசுரமும் வருகிறது. இருந்தும், வெறும் தண்ணீரில் விதையை ஊறப்போட்டு விதைப்பவர்கள் இன்னும் உண்டு. இதற்கு அலட்சியத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், பிரசுரத்தில் எழுதியிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

எக்டேரா, சென்ட்டா?

பரிந்துரை பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ், கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் ஈர விதைநேர்த்தி, எக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ தொழுவுரத்துடன் மண்ணில் இடுதல்.'

விஞ்ஞானிக்கு இது போதும். 40 சென்ட் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவருக்கு? ஒரு எக்டேர் என்பது 247 சென்ட். அப்படியானால் அவருக்குத் தேவை சுமார் 400 கிராம் சூடோமோனாஸ், 8 கிலோ தொழுவுரம். இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுப்பது? 'மரக்கால் விதைப்பாடு' என்று நிலத்தை அளந்து சொல்லும் பெரியவர்களும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

இதே பரிந்துரையை அச்சுக்குப் போகும் முன்பு விவசாயிகளிடம் வாசித்துக் காட்டினால் கேள்விகள் வரும். "எவ்வளவு தண்ணில கரைக்கணும்?", "எத்தனை மணி நேரம் ஊறணும்?", "பூஞ்சாண மருந்தோட சேத்துக் கலக்கலாமா?", "போன வருஷத்துப் பாக்கெட் கிடக்கு, போடலாமா?" இவற்றுக்கெல்லாம் விஞ்ஞானிக்குப் பதில் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டிருப்பார். அந்தக் கேள்விகளே நல்ல சுருக்கத்துக்கு அஸ்திவாரம்.

சேர்ந்து எழுதினால்...

'அம்பை 16 போன்ற குறுகிய கால ரகத்துக்கு, நடவு முறையில் ஏக்கருக்கு 24 கிலோ விதை. அதற்கு 240 கிராம் சூடோமோனாஸ். கிலோ விதைக்கு 1 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் கரைத்து, விதையை இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஒரு நாள் முளைகட்டி விதையுங்கள். இது உயிருள்ள பாக்டீரியா. பூஞ்சாணக்கொல்லியுடன் கலக்காதீர்கள். காலாவதி தேதி தாண்டிய பாக்கெட் வேண்டாம். விதைநேர்த்தி செய்தாலும் குலைநோய் வரவே வராது என்று சொல்ல முடியாது. தழைச்சத்தை அளவோடு இட்டு, வயலைத் தொடர்ந்து கவனியுங்கள்.'

இதில் கடைசியில் உள்ள எச்சரிக்கை முக்கியம். ஒரு முறை என்ன செய்யும், எதைச் செய்யாது என்று இரண்டையும் சொன்னால்தான் அடுத்த பரிந்துரையையும் விவசாயி நம்புவார்.

மற்றவர்கள் செய்தது

மருத்துவத் துறையில் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. 1993-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'கோக்ரேன்' அமைப்பு, தன் ஆய்வுத் தொகுப்புகளுக்கு எளிய மொழிச் சுருக்கம் வெளியிடுகிறது. நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். பல சுருக்கங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். அதனால், கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையான தகவல், ஊர்ப் பேச்சிலேயே வந்து சேர்ந்தது.

பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய 'ஹனி பீ' அமைப்பு இன்னொரு பாடம் சொல்கிறது. மக்களிடம் இருந்து பெற்ற அறிவை அவர்கள் பெயரோடு, அவர்கள் மொழியிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது அதன் கொள்கை. மதுரை 'சேவா' நிறுவனத்தின் 'நம்வழி வேளாண்மை' இதழ் அந்த வழியில் வந்ததுதான்.

ஊரில் எப்படித் தொடங்குவது?

ஐந்தாறு பேர் போதும். குத்தகை விவசாயி ஒருவர், நாற்று நடும் பெண்கள் இருவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வரைவைச் சத்தமாக வாசிக்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க, சொல்லுங்க" என்று கேட்டால்தான் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது தெரியும். அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும். ஆனால், மருந்தின் அளவை யாரும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. திருத்திய பிரதியை விஞ்ஞானி மீண்டும் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். திருத்த உதவியவர்களின் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு கடைசியில் போடலாம்.

அதுவரை, கையில் கிடைக்கும் எந்தப் பிரசுரத்திலும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். என் நிலத்துக்கு எவ்வளவு? எப்போது? செலவு என்ன? எதோடு சேர்க்கக் கூடாது? எந்த நிலையில் பலன் தராது? பதில் இல்லையென்றால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் கேட்கலாம். ஒருவர் கேட்கும் கேள்வி, அடுத்த பிரசுரத்தில் பலருக்குப் பதிலாக வரும்.