அழுத்தம் அறிவோம் – 14: அரை அளவில் மூன்று மருந்து

"ஒரே சீட்டுல ரெண்டு பிரஷர் மருந்து எழுதியிருக்காரே, அவ்வளவு முத்திப்போச்சா?" மருந்துக்கடை வாசலில் இப்படிக் கலங்கி நிற்பவர்கள் ஏராளம். சிலர் அந்தக் கலக்கத்திலேயே ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இந்த வாரம் இலங்கையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

'ட்ரையம்ப்' என்ற அந்த ஆய்வு 2018-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுகளிலிருந்து 700 பேரைச் சேர்த்தார்கள். சராசரி ரத்த அழுத்தம் 154/90. அவர்களில் பலர் அதுவரை பிரஷர் மாத்திரையே எடுக்காதவர்கள்; மற்றவர்கள் ஒரே ஒரு மருந்து எடுத்தும் அழுத்தம் அடங்காதவர்கள். பாதிப் பேருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை: டெல்மிசார்டன் 20 மில்லிகிராம், அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5. மூன்றுமே வழக்கமான அளவில் பாதி. மீதிப் பேருக்கு அவரவர் மருத்துவர் வழக்கம்போல் வைத்தியம் பார்த்தார். ஆறு மாதத்தில், மூன்று மருந்து எடுத்தவர்களில் 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். மற்றவர்களில் 55 சதவீதம். பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம்: 6.6, 6.8.

மூன்று மருந்து உள்ளே போயும் தொல்லை கூடவில்லையே, எப்படி? குளோர்தாலிடோன் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. உடனே சிறுநீரகம் ரெனினைச் சுரந்து, ஆஞ்சியோடென்சின் மூலம் ரத்தக்குழாய்களை இறுக்கி, அழுத்தத்தை மறுபடி ஏற்றப் பார்க்கிறது. டெல்மிசார்டன் அந்த ஆஞ்சியோடென்சினை வேலை செய்ய விடுவதில்லை. முன்னது பொட்டாசியத்தைக் குறைக்கும். பின்னது அதைத் தக்கவைக்கும். அம்லோடிபின் சங்கதி இன்னும் நேர்த்தி. அதை அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சாயங்காலம் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். நுண் தமனிகளை அது விரிக்கிறது, நுண் சிரைகள் அப்படியே இருக்கின்றன; அதனால் இடையிலுள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. டெல்மிசார்டன் சிரைப் பக்கத்தையும் தளர்த்திவிடுவதால் வீக்கம் குறைகிறது.

அளவிலும் சூட்சுமம் உண்டு. மால்கம் லாவும் நிக்கலஸ் வால்டும் குழுவினருடன் 354 ஆய்வுகளைத் திரட்டி 2003-இல் காட்டினார்கள்: மருந்தைப் பாதியாகக் குறைத்தால் பலன் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. பக்கவிளைவோ, பல மருந்துகளில் அதைவிட வெகுவாக இறங்குகிறது. ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட இன்னொன்றைச் சேர்ப்பது மேல் என்பது இதனால்தான்.

என்னை உறுத்துவது வேறொன்று. வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில், ஆறு மாத முடிவில் இரண்டு மருந்தாவது எடுத்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அழுத்தம் அடங்கவில்லை என்று தெரிந்தும் 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று தள்ளிப்போடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பக்கவாதம் வருகிறது.

அதற்காக எதையும் எதனோடும் சேர்த்துவிட முடியாது. ராமிப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மருந்தையும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுத்த 'ஆன்டார்கெட்' ஆய்வில், 2008-இல், கூடுதல் நன்மை கிடைக்கவில்லை; சிறுநீரகப் பாதிப்பும் தலைச்சுற்றலும்தான் கூடின. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டன் ஆகாது. கூட்டு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின் அளவுகளைப் பார்க்க வேண்டும். உங்கள் மருத்துவர் மறந்திருந்தால் நீங்களே கேளுங்கள்.