நம்மூருக்கு ரயில் வந்த கதை

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புதிதாகக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பருப்பானாலும் வத்தலானாலும் எண்ணெயானாலும் விருதுநகர் மார்க்கெட் விலையைத்தானே பார்க்க வேண்டியிருக்கிறது? நம் ஊரும் பெரிய ஊர்தானே, இங்கே ஏன் அந்த மார்க்கெட் உண்டாகவில்லை?" இதற்குப் பல காரணங்கள் உண்டு. முதல் காரணம் ரயில் என்பது நம் கருத்து.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876ல் ரயில் ஓட ஆரம்பித்தது. அந்தப் பாதை விருதுபட்டி வழியாகப் போயிற்று. 1923ல் விருதுநகர் என்று பெயர் மாறிய ஊர்தான் அது. மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு ரயில் வந்தது 1927ல். விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. நடுவில் 51 வருடம் போய்விட்டது. வியாபாரத்தில் அது இரண்டு தலைமுறை.

அதுவரை நம் பக்கத்துப் பருத்தி ரயில் ஏற வேண்டுமானால் மாட்டு வண்டியில் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தை விடாது. வண்டி போய்ச் சேர்ந்தால் சரக்கை இறக்கிவைக்கக் கிட்டங்கி வேண்டும், எடை போட ஆள் வேண்டும், விற்குமுன் கைச்செலவுக்கு முன்பணம் கொடுக்கக் கமிஷன் கடை வேண்டும். எல்லாம் ரயில் நின்ற இடத்தில்தான் கூடின. கடன் கொடுத்து வாங்கும் பழக்கம் ஓரிடத்தில் ஊன்றிவிட்டால், பிறகு அடுத்த ஊருக்கு ரயில் வந்தாலும் அது இடம் மாறாது. தண்டவாளம் போடலாம், நாணயத்தை அப்படிப் போட முடியுமா?

அமெரிக்காவின் புல்வெளிப் பிரதேசங்களில் ரயில் கம்பெனிகள் முதலில் பாதை போட்டு, பிறகு ஸ்டேஷனைச் சுற்றி மனை பிரித்து விற்று ஊரையே உண்டாக்கினார்கள். நம் கதை நேர் எதிர். ஆண்டாள் கோவில் ஊர் ஆயிரம் வருடத்துக்கும் பழையது. ரயில்தான் ஊரைத் தேடி வந்தது, அதுவும் ஊருக்கு வெளியே நின்றது. இதே பாதையில் சங்கரன்கோவிலுக்குத் தெற்கே பாம்புக்கோவில் சந்தை என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. சந்தையின் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்திருப்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சந்தோஷம்தான்.

தாமதமாக வந்தாலும் ரயிலால் பலன் இல்லாமல் இல்லை. தென்காசிப் பக்கம் 1904லேயே செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் வரை பாதை இருந்ததால், 1927க்குப் பிறகு மலையாளச் சீமை நமக்கு நேர்வழியாயிற்று. சென்னை போகும் கொல்லம் மெயிலும் நம் ஊர் வழியாக ஓடியது. 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். மார்க்கெட் தவறிய ஊர் நூலில் பிழைத்துக்கொண்டது என்று நாம் சொல்வதுண்டு.

மீட்டர் கேஜில் ஒரு சங்கடம் இருந்தது. இரு தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர் அகலம். வடக்கே முக்கியப் பாதைகளெல்லாம் 1.676 மீட்டர். வடக்கிலிருந்து ஏற்றிய வேகன் நேராக இங்கே வராது, வழியில் மூட்டைகளை இறக்கி வேறு வேகனில் ஏற்ற வேண்டும். எங்கள் தகப்பனார் காலத்தில் ஒருமுறை துவரம்பருப்பு வந்தது. ரயில்வே ரசீதில் இருந்த எண்ணிக்கைக்குப் 11 மூட்டை குறைவு. மீதியிலும் பாதி கொக்கி போட்டுக் கிழிந்திருந்தது. பேங்கில் பணம் கட்டி ரசீதை மீட்ட பிறகுதான் சரக்கைக் கண்ணால் பார்க்க முடியும், ஆகவே பணம் போனது போனதுதான். நஷ்ட ஈடு கேட்டு எழுதிய கடிதங்களின் நகல் இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. அந்த வருடத்துத் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. அதற்குப் பிறகு தகப்பனார் வடக்கே நேராக ஆர்டர் கொடுக்கவேயில்லை, விருதுநகர்க் கடையிலேயே வாங்கிக்கொண்டார். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் மூட்டையை எண்ணிப் பார்த்துப் பணம் கொடுக்கலாம்.

2004ல் நம் பாதை அகலப் பாதை ஆயிற்று. செங்கோட்டை, புனலூர் மலைப்பாதை அகலமாகித் திறந்தது 2018ல். அதற்குள் மளிகைச் சரக்கு முழுவதும் லாரிக்குப் போய்விட்டது. பயணிகளுக்கு நல்ல வசதி, நாமும் சென்னைக்கு அதில்தான் போகிறோம். காலையில் விலை கேட்க மட்டும் இன்னமும் விருதுநகருக்குத்தான் போன் போடுகிறோம்.