டிரிப்ஸ் ஏறும்போது கேளுங்கள், தொடாதீர்கள்



சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு ஒரு சகோதரர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய அத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல், இதயம் பலவீனமானவர். வாந்தியும் பேதியுமாக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். "இந்த பாட்டில் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனிருந்த இளைய மகன், குழாயில் உள்ள சிறு சக்கரத்தைத் தள்ளி வேகத்தைக் கூட்டிவிட்டான். பல மணி நேரத்தில் ஏற வேண்டியது முக்கால் மணி நேரத்தில் ஏறி, பெரியவருக்கு மூச்சு முட்டிவிட்டது. நான்கு நாள் ஐ.சி.யூ. அல்ஹம்துலில்லாஹ், தேறிவிட்டார். பில்லை மேசையில் வைத்த சகோதரர் தம்பியைத் திட்டவில்லை. "அதைத் தொடக்கூடாதுன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே பாய்" என்றார்.

நியாயமான பேச்சு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வாய்வழி விழுங்கும் மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலக்க நேரம் எடுக்கும். நரம்பில் செலுத்தும் மருந்துக்கு அந்த இடைவெளி கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் இதயத்தைத் தொட்டுவிடும். தவறாகப் போனால் திரும்ப எடுக்க வழியில்லை. வேகமும் மருந்தின் ஒரு பகுதிதான். பெரியவர்களுக்கான குழாயில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி பாட்டில் 6 மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் நிமிடத்துக்கு 28 சொட்டுதான் விழ வேண்டும். அதைக் கூட்டினால், பலவீனமான இதயமும் பழுதான சிறுநீரகமும் அவ்வளவு நீரைத் தாங்காது; நுரையீரலில் நீர் கோக்கும். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வேகமாக ஏற்றினால் உடலெல்லாம் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். ஆகவே சக்கரத்தையும் இயந்திரத்தின் பொத்தானையும் நாம் தொடக்கூடாது. சொட்டு நின்றாலும், குழாயில் ரத்தம் ஏறினாலும், இயந்திரம் கத்தினாலும் நர்ஸைக் கூப்பிடுவதோடு நம் வேலை முடிந்தது.

தொடத்தான் கூடாது. கேட்கலாம், கேட்க வேண்டும்.

நம் ஊரில் தொங்குகிற பாட்டில் எல்லாமே 'குளுக்கோஸ்'தான். உண்மையில் சிலவற்றில் உப்பு நீர் இருக்கும், சிலவற்றில் சர்க்கரை இருக்கும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லியில் 25 கிராம் சர்க்கரை உண்டு. மருத்துவர் தெரிந்தே அதைக் கொடுப்பதும் உண்டு. ஆனாலும் நோயாளிக்கு நீரிழிவு இருப்பது அந்த நேரத்தில் பணியில் இருக்கும் நர்ஸுக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. பாட்டிலுக்குள் வேறு மருந்து கலந்திருந்தால் அதன் பெயரும் அளவும் எழுதிய சீட்டு மேலே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

நம் சமுதாயத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். பெண்கள் வார்டில் "ஃபாத்திமா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆண்கள் வார்டில் 'முஹம்மது' நிலையும் அதுதான். ஊசியோடு வருபவர் "நீங்கதானே ஃபாத்திமா பீவி?" என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார். அதோடு விட்டுவிடாமல் முழுப்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கையில் கட்டிய பட்டையில் உள்ள எண் ஆகியவற்றை நீங்களே சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஊசி செருகிய இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிச்சல், வீக்கம், நரம்பின் வழியே சிவப்புக் கோடு, தொட்டால் சில்லிப்பு, இவற்றில் ஏதாவது தெரிந்தால் மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிகிறது, அல்லது நரம்பு புண்ணாகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். நம் பெண்கள் "பொறுத்துக்கலாம்" என்று முழுக்கை உடையால் மூடிக்கொள்கிறார்கள். பொறுக்க வேண்டிய வலி அல்ல இது. சில மருந்துகள் கசிந்தால் சதையே அழுகிவிடும். மறைப்புக்குப் பங்கமில்லாமல் அந்த இடத்தை மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஒளூச் செய்யும்போது அங்கே தண்ணீர் படுவதும் நல்லதல்ல. தண்ணீர் தீங்கு தரும் என்ற நிலையில் தயம்மும் சலுகை இருக்கவே இருக்கிறது; செய்யும் முறையை நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், கைப்பேசியை அல்ல. அரிப்பு, குளிர்நடுக்கம், நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் எதுவானாலும் உடனே சத்தம் போட்டுக் கூப்பிடலாம். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கேட்கும் வரை காத்திராமல், சேரும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளையும், யூனானி, சித்த மருந்துகளையும் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

"கேட்டால் கோபித்துக்கொள்வார்களே" என்பீர்கள். இரவில் ஒரே நர்ஸ் எத்தனையோ படுக்கைகளைப் பார்க்கிறார். அலுப்பு இருக்கத்தான் செய்யும். அதட்டாமல், வீடியோ எடுக்காமல், "சிஸ்டர், இது என்ன மருந்து? நாங்க எழுதி வச்சுக்கிறோம்" என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். பதில் மனதுக்குச் சரியாகப் படவில்லையென்றால், மருந்து ஏறுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிடும்படி சொல்லுங்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் 2001இல் ஜோசி கிங் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை, தீக்காயம் ஆறிவந்த நேரத்தில் இறந்துபோனது. குழந்தை தாகத்தால் தவிக்கிறது என்று தாய் சொன்னார். வலி மருந்து கொடுக்க வந்தபோது அதையும் தடுத்துப் பேசினார். பெயர்பெற்ற மருத்துவமனைதான், ஆனாலும் அவர் பேச்சு எடுபடவில்லை. அந்தத் தாய் பிறகு நோயாளிப் பாதுகாப்புக்காகவே உழைக்கத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனமும் 2023 செப்டம்பர் 17 அன்று, நோயாளிகளின் குரலை உயர்த்துவோம் என்பதையே உலக நோயாளிப் பாதுகாப்பு தின முழக்கமாக வைத்தது. கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பது என்ற எண்ணம் மருத்துவ உலகத்திலேயே மாறிவருகிறது.

இதற்காகச் சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டை அச்சிட்டிருக்கிறோம். ஒரு பக்கம் நோயாளியின் பெயர், தந்தை பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து, இருக்கும் நோய்கள். மறுபக்கம் மருந்தின் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதக் கட்டங்கள். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் தேடாமல், இப்போதே வாங்கி நிரப்பி ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.