ஈரத் துணியோடு நடக்கும் தூரம்

ராமேஸ்வரம் போகிறவர்கள் ரூம் போடும்போது முதலில் வாடகையைக் கேட்கிறார்கள், அடுத்து ஏ.சி. உண்டா என்று கேட்கிறார்கள். இந்தத் தீவில் அதற்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அறையிலிருந்து அக்னி தீர்த்தத்துக்கு நடந்தே போய்வர முடியுமா?

இங்கே வழிபாடே குளியலில்தான் தொடங்குகிறது. ராமநாதசுவாமி கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடல்தான் அக்னி தீர்த்தம். அதில் முழுக்குப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் நுழைந்து, மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றுவார். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. குளித்து முடித்த ஈரத்தோடு மூலவர் சந்நிதிக்குப் போகக்கூடாது. உலர்ந்த துணிக்கு மாறிய பிறகுதான் ராமநாதசுவாமியையும் பர்வதவர்த்தினி அம்பாளையும் தரிசிக்கலாம். உடை மாற்றக் கோயிலில் இடம் இருக்கிறது. ஆனால் கூட்டம் நெரியும் நாளில், பையையும் ஈரத் துணியையும் சுமந்துகொண்டு, வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே வரிசையில் நிற்பது பெரும் சிரமம்.

அதிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம் தொடங்கி 6 மணிவாக்கில் முடிந்துவிடும். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் உலர்ந்த உடையில் ஒரு தடவை கோயிலுக்குப் போகவேண்டும். பிறகு கடல், 22 தீர்த்தம், மறுபடி அறை, மறுபடி சந்நிதி. ஒரே காலையில் இத்தனை நடை. அறை ரத வீதிகளிலோ சந்நிதித் தெருவிலோ இருந்தால் எல்லாமே சில நிமிட நடைதான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ் நிலையத்துப் பக்கம் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஆட்டோ தேட வேண்டும்.

பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் பெரிய ஹோட்டல்களைக் குறை சொல்லவில்லை. இடம் தாராளம், கார் நிறுத்தலாம், அறைகளும் நன்றாக இருக்கின்றன. தீர்த்தமாடும் எண்ணம் இல்லாதவர்கள் அங்கே நிம்மதியாகத் தங்கலாம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் குறுகலானவை; சொந்தக் காரில் வருகிறவர்கள் அங்கே அறை எடுக்குமுன் வண்டியை எங்கே விடுவது என்பதைப் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி, கோயிலுக்கு வடகிழக்கே கடலைப் பார்த்தபடி இருக்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டல். நடக்கும் தூரம்தான், கடற்காற்றும் உண்டு.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு வகை, மடங்களும் சத்திரங்களும். காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் யாத்திரிகர்கள் காலங்காலமாக வந்து போகும் தலம் என்பதால், ஒவ்வொரு சமூகமும் தன் மக்களுக்கென்று இங்கே தங்குமிடம் கட்டி வைத்திருக்கிறது. நகரத்தாருக்கு இருக்கிறது, வடநாட்டுத் தர்மசாலைகள் இருக்கின்றன, கோயில் நிர்வாகத்தின் விடுதிகளும் இருக்கின்றன. பளபளப்பை எதிர்பார்க்க வேண்டாம். வாடகை குறைவு, கோயில் பக்கம். பலரும் இணையத்தில் பார்த்துவிட்டு இவற்றைத் தவறவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

‘மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ தங்கி, காலையில் காரில் வந்துவிடலாமே’ என்று சிலர் சொல்வார்கள். 1988-ல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் அப்படி ஒரு யோசனைக்கே வழி பிறந்தது. அதற்கு முன் 1914-ன் ரயில் பாலத்தை நம்பித்தான் தீவு இருந்தது. ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். ஐந்து மணி தரிசனத்துக்கு மூன்று மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டும். அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு, மிச்சமாகும் வாடகை ஈடாகாது.

தனுஷ்கோடியில் தங்கலாமா என்றும் கேட்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர் அது. அரிச்சல்முனை வரை சாலை போட்டிருக்கிறார்கள், மீனவர்களின் குடிசைகள் இருக்கின்றன. யாத்திரிகர்கள் இரவு தங்க அனுமதி இல்லை. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். எனவே தரிசனத்தைக் காலையில் முடித்து, சாப்பிட்டுச் சற்று ஓய்வெடுத்து, பிற்பகலில் கிளம்புவது சரியாக இருக்கும். வழியில் கோதண்டராமர் கோயிலையும் பார்க்கலாம்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில்கள் மறுபடி தீவுக்குள் வருகின்றன. இரவு ரயிலில் வந்து விடியுமுன் இறங்குகிறவர்கள், அறைக் கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணியா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் அரை நாளுக்காக இரண்டு நாள் வாடகை கொடுக்க நேரும். குளியலறைத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்றும் கேளுங்கள். கடல் நீராடி வந்த உடம்புக்கு அது முக்கியம். ஸ்டேஷன் வாசலில் கூப்பிடுகிறவரோடு உடனே கிளம்பிவிடாதீர்கள். அறையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் ஊர் நிரம்பி வழியும். அந்த நாட்களில் பிதுர்க் காரியம் செய்ய வருகிறவர்கள் வெகு முன்னதாகவே அறையை உறுதி செய்துவிடுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் தரைத்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.