கடைமடை ஊர்களின் கனவும் கவலையும்: கிராம சபைப் பதிவேட்டில் ஏற வேண்டியவை

ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படும் ஆண்டுகளில், கல்லணைப் பக்கத்து விவசாயி நாற்றங்காலுக்குத் தயாராகும்போது, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து விவசாயி வாய்க்காலைப் பார்த்தபடி காத்திருப்பார். அதே விவசாயி நவம்பர், டிசம்பரில் வேறொரு கவலையில் இருப்பார். மேலே பெய்த மழை, வெண்ணாற்றுப் பாசனப் பகுதியின் வடிகால்கள் வழியே அவருடைய சம்பா வயலுக்குள் வந்து நிற்கும். வேண்டிய நேரத்தில் வராத தண்ணீர், வந்த பிறகு வடியாத தண்ணீர். கடைமடை ஊர்களின் எதிர்காலம் குறித்த பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த இரண்டில்தான் வந்து முடிகிறது.

சட்டம் தந்த நம்பிக்கை

2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மக்கள் போராடினர். 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. இந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் பணிகள், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை அமைக்கச் சட்டம் தடை விதிக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளுக்கு அது பொருந்தாது. 2023 மார்ச்சில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்புக்குப் பின் அவை நீக்கப்பட்டன.

நிலம் காக்கப்பட்டது என்ற நிம்மதி ஊர்களில் இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் அடுத்த தலைமுறை இறங்குமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை.

வீட்டுக்குள் உள்ள கவலை

படித்த பிள்ளைகள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று போகிறார்கள். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. அறுவடை இயந்திரம் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுவதால் வாடகை ஏறுகிறது. அறுத்த நெல்லைக் காயப்போடக் களம் இல்லாமல் சாலையில் கொட்டுகிறோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது பொதுவான வரம்பு. தொடர்மழைக் காலத்தில் தளர்வு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் குவியலின் அடி நெல் முளைத்துவிடுகிறது.

குத்தகைக்குப் பயிர் செய்பவரின் நிலை இன்னும் மோசம். கோயில் நிலம், தனியார் நிலம் என்று பல இடங்களில் குத்தகை வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும் பலர் பதியவில்லை. ஆவணம் இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கக் கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் மூன்றும் சிக்கலாகின்றன. உழுபவர் ஒருவர், நிவாரணம் பெறுபவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது.

எங்கே சொல்வது?

இதையெல்லாம் டீக்கடையில் பேசுகிறோம். பதிவேட்டில் ஏற்றுவதில்லை. தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவையாகச் சொல்லப்பட்ட 29 துறைகளில் முதலாவது விவசாயம். சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் அந்தப் பட்டியலிலேயே உள்ளன. ஆனாலும் பல ஊர்களின் வளர்ச்சித் திட்டத்தில் சிமென்ட் சாலையும் தெருவிளக்கும் நிறைந்திருக்க, வடிகாலும் களமும் ஓரிரு வரிகளில் நின்றுவிடுகின்றன.

டெல்டா மாவட்டங்களில் 2019 இறுதியில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தனர். தெரிந்த தலைவர் நாற்காலியில் இல்லாத காலத்தில், எழுத்தில் உள்ள தீர்மானத்துக்கு மதிப்பு கூடுகிறது.

போகும் முன் செய்ய வேண்டியவை

* வாய்க்கால், வடிகால், மதகு ஒவ்வொன்றையும் நடந்து பாருங்கள். பெயர், புல எண், அடைப்புள்ள இடம், பாதிக்கப்படும் பரப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எது நீர்வளத் துறையின் பொறுப்பு, எது ஊராட்சியின் பொறுப்பு என்று பிரித்து எழுதுங்கள்.
* களம், கிடங்கு கேட்டால் அதற்கான புறம்போக்கு இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடம் சொல்லாத கோரிக்கை கோப்பிலேயே தங்கிவிடும்.
* நடவு இயந்திரம், உலர்த்தும் இயந்திரம் ஆகியவற்றைத் தனி ஆளாகக் கேட்பதைவிட, உழவர் உற்பத்தியாளர் குழு அல்லது கூட்டுறவுச் சங்கம் மூலம் வாடகை மையமாகக் கேட்பது நல்லது.
* குத்தகை விவசாயிகளின் பட்டியலைத் தயாரித்து, அடங்கலில் சாகுபடியாளர் பெயர் பதிய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.
* குறைவெண் வரம்பு முக்கியம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். பெண்கள் வராமல் இந்த எண்ணிக்கை சேராது. நடவும் களையெடுப்பும் அவர்கள் கையில் இருக்கும்போது, திட்டம் மட்டும் அவர்கள் இல்லாமல் எழுதப்படக் கூடாது.
* தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். ஊராட்சியின் ஆண்டுத் திட்டம் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் வெளியாகும். நாம் சொன்னது அதில் உள்ளதா என்று வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரசுத் திட்டங்களை வாசித்துவிட்டுக் கிளம்பாமல், விவசாயிகள் கொண்டுவரும் பட்டியலை எந்தத் துறையின் எந்தத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று அங்கேயே வழிகாட்டுங்கள்.

ஒரு தீர்மானத்தால் வடிகால் உடனே தூர்வாரப்பட்டுவிடாது. அடுத்த கூட்டத்தில் முந்தைய தீர்மானத்தின் நிலை என்ன என்று கேட்க வேண்டும். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க, வெளியூரில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ ஆண்டுக்கு ஒரு கிராம சபைக்காவது வரச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வருபவர்கள் ஜனவரி 26 வரை ஊரில் தங்கினால் போதும்.